வெட்டின முன்கட்டையோட ஒரு 1943 லோங் பிராஞ்ச் றைபிள்: பழைய நிலைக்குக் கொண்டுவரலாமோ?

வடலி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். கனகாலம் இங்க வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதுதான் முதல் எழுத்து.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டை வித்துப்போட்டு மகளோட இருக்கப் போறார். போக முதல் என்னைக் கூப்பிட்டு, "உன்னட்ட லைசன்ஸ் இருக்குத்தானே, இதை வாங்குறியோ?" எண்டு ஒரு றைபிளைக் காட்டினவர். அவற்ற தகப்பன் மூஸ் வேட்டைக்குக் கொண்டு திரிஞ்சதாம். உரிமத்தைச் சரிபார்த்து கைமாத்துறதுக்கான குறிப்பு நம்பர் எடுக்கிற வேலையெல்லாம் ஒழுங்கா முடிச்சு வாங்கியாச்சு. 2022 மே மாதத்தில இருந்து சாதாரண வேட்டைத் துவக்கு கைமாறுறதுக்கும் அந்த நம்பர் வேணும்.

இடப்பக்கச் சுவரில நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், லோங் பிராஞ்ச் (இதைச் செய்த கனடாப் பட்டறை), 1943 எண்டு கிடக்கு. அதாவது லீ-என்ஃபீல்ட். ஊரில நாங்கள் சொல்லுற த்ரீ நாட் த்ரீ. ஆனா வேட்டைக்காரர் நடுப்பூணுக்கு (மரத்தையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு வளையம்) ஓரங்குலம் முன்னால முன்கட்டையை (குழலுக்குக் கீழ கிடக்கிற மரம்) வாளால அறுத்து, நுனியை உருட்டி விட்டிருக்கிறார். முன் மேல்மரமும் முன்பூணும் இல்லை. பின் மேல்மரம் தப்பியிருக்கு. சோங்கு (தோளில வைக்கிற பின்கட்டை) முழுக்கத் தேன் நிறத்தில தடிச்ச வார்னிஷ். சோங்கின்ர அடியில வேட்டைப் பட்டி கொளுவ ஒரு ஸ்குரூ ஓட்டை. குழல் முழு நீளம், வெட்டுப்படேல்ல.

இதைப் பட்டறையால வந்த நாளில இருந்த மாதிரி ஆக்க விருப்பம். எங்க தொடங்கிறது?

மொன்றியல் மச்சான்

சின்ன வேலை மச்சான். எலக்ட்ரிக் சாண்டர் பிடிச்சு வார்னிஷை ஒரேயடியா எடு, மூண்டு கோட் பொலியூரிதேன் அடி, இரும்புக்கு கடையில விக்கிற கறுப்பு மருந்தைப் பூசு. என்ர மாமான்ர துவக்கு இப்ப கண்ணாடி மாதிரி மினுங்குது.

ஹவில்தார் (வேலூர்)

மேலே சொன்னதுல ஒண்ணைக்கூட பண்ணாதீங்க தம்பி. கண்ணாடி மாதிரி மினுங்கற ராணுவ ரைஃபிளை நான் 22 வருஷ ஆர்மரர் (ராணுவத்துல ஆயுதம் பழுதுபார்க்கற) வேலையில ஒரு தடவைகூட பார்த்ததில்லை.

உப்புத்தாள் பட்டா மரத்துல இருக்கற முத்திரையெல்லாம் போச்சு. அது மட்டும் இல்ல. அந்த மரம் இரும்போட விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நிக்கிற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. தேய்ச்சா இரும்பைவிடத் தாழ்ந்துடும். அப்புறம் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் தெரிஞ்சவன் கண்ணுக்குக் குத்தும்.

அழகு அப்புறம். முதல்ல இது சுடத் தகுந்ததான்னு பாருங்க. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டற இரும்பு உறுப்பு) கழட்டி, உங்க மார்க் 1 ஸ்டார்ல போல்ட் தலையை வெளியே எடுக்க வலப்பக்கத் தண்டவாளத்துல ஒரு வெட்டு இருக்கும், அந்த வெட்டோட முனையைப் பாருங்க. பழைய மார்க் 1-ல அதுக்குத் தனியா அழுத்தற தாழ் உண்டு. போர்க்காலத்துல வேலை மிச்சம் பிடிக்க அதை எடுத்துட்டு வெறும் வெட்டோட விட்டாங்க. அந்த முனை பொறிஞ்சு போனா போல்ட் தலை பின்னால வர்றப்ப தெறிச்சு மேலே எழும்பும். அது பொறிஞ்சிருந்தா மரத்துக்குக் காசு செலவு பண்ணாதீங்க.

அடுத்து போல்ட் பிடியின் பின்பக்கத்து எண்ணும் உடம்பு (போல்ட் ஓடற இரும்புக்கூடு) எண்ணும் ஒண்ணான்னு பாருங்க. போல்ட் தலையில 0, 1, 2, 3-ல எது போட்டிருக்குன்னும் சொல்லுங்க. தோட்டா உட்காரும் இடைவெளியை அந்த எண்ணை மாத்தித்தான் சரி பண்ணுவாங்க. கேஜ் வெச்சு ஒரு துப்பாக்கி மெக்கானிக் பார்க்கட்டும். கண்ணால பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்ல அது.

இன்னொண்ணு. முன்கட்டையைக் கழட்டாம, பின்கட்டையைப் பிடிச்சிருக்கற நீள மரையாணியைத் திருகாதீங்க. அதோட நுனி சதுரமா முன்கட்டைத் தகட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும். திருகினா முன்கட்டை பிளந்துடும்.

கிழட்டுக்கொக்கு (லண்டன்)

ஹவில்தார் ஐயா சொன்னது எல்லாம் சரி, கடைசியில் ஒரு சின்னத் திருத்தம். சதுர நுனியும் தகடும் நம்பர் 1 மார்க் 3 என்ற பழைய மாதிரியின் கதை, இந்தியாவின் ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்ததும் அதுதான். நம்பர் 4-இல் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் முன்கட்டையை முதலில் எடுக்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

ஹவில்தார் (வேலூர்)

ஒத்துக்கறேன். என் கையில ஓடினது நம்பர் 1-உம், ஈசாப்பூர்ல அதிலிருந்து செஞ்ச 2ஏ1-உம்தான். ரெண்டுக்கும் பின்பக்கம் ஒரே ஜாதி. பழக்கதோஷம்.

செந்தூரி (மார்க்கம்)

குறுக்கால வாறதுக்கு மன்னிக்கவும். 87இல சனிக்கிழமை ஒண்டு எங்கட வாசல் கதவைத் தட்டினது இதே மாதிரி ஒரு றைபிளின்ர சோங்காலதான். இதை வரவேற்பறையில மாட்டி வைக்கப் போறீங்களோ, அண்ணா?

வடலி

இல்லை அக்கா. நிலவறையில பூட்டின அலுமாரிக்குள்ள, குண்டில்லாமல். சட்டமும் அப்பிடித்தான். அம்மா என்னோடதான் இருக்கிறா, அவவுக்கு இப்ப வரைக்கும் இது வீட்டில இருக்கிறது தெரியாது. தெரிஞ்சா நானும் றைபிளும் ஒண்டா வெளியில.

ஹவில்தார் அண்ணை, பாத்தனான். தண்டவாள முனை கூராத்தான் இருக்கு, பொறியேல்ல. போல்ட் எண்ணும் உடம்பு எண்ணும் ஒண்டு, நடுவில ஒரு எல் எழுத்து. போல்ட் தலை 2. குழலுக்குள்ள அஞ்சு வரி. வாய்ப்பக்கம் நல்லா இருக்கு, அறைக்குக் கிட்ட கொஞ்சம் அம்மைத்தழும்பு மாதிரிக் குழி. குழல் நுனியில பயனெட் கொளுவுற காதுகளும் இருக்கு.

கிழட்டுக்கொக்கு

அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். திருப்ப முடியாத மூன்று காரியங்களில் ஒன்றும் நடக்கவில்லை: குழலைக் குறைப்பது, பயனெட் காதை அராவுவது, தொலைநோக்கி பூட்ட உடம்பில் துளை போட்டு மரை வெட்டுவது. மரம் திரும்ப வரும், இரும்பு வராது.

அறைக்குக் கிட்டக் குழி விழுந்தது பழைய தோட்டாவால். அந்தக் காலத்து எரியூட்டியில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்து) பொட்டாசியம் குளோரேட். சுட்ட பிறகு உப்பு தங்கிவிடும், ஈரத்தைப் பிடித்து அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, கொதிநீர்தான் கரைக்கும். வேட்டைக்காரர் எண்ணெய் மட்டும் போட்டிருப்பார்.

மொன்றியல் மச்சான்

சரி சரி, சாண்டரைத் திருப்பிக் கொடுத்திட்டன். அப்ப புது முன்கட்டை ஒண்டு வாங்கிப் பூட்ட வேண்டியதுதானே? இணையத்தில விக்குதே.

கிழட்டுக்கொக்கு

பூட்டலாம். ஆனால் வாங்கினதும் டக்கென்று உட்காராது. இந்த றைபிளில் முன்கட்டைக்கு இரண்டு இடத்தில் முக்கியமான வேலை.

பின்முனையில், உடம்புக்குக் கீழே, மரம் இரும்போடு முட்டும் இரண்டு சிறிய முகப்புகள் உண்டு. சுடும்போது வரும் உதை முழுக்க அங்கேதான் இறங்கும். இரண்டும் சமமாக, இடைவெளி இல்லாமல் முட்டவேண்டும். தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு பின்னால் ஓடி மரத்தில் அடிக்கும், கடைசியில் மரம் வெடிக்கும். ஈசாப்பூரில் முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு ஸ்குரூ போட்டு இறுக்கினார்களே, அதுவும் மரத்தைப் பலப்படுத்தத்தான்.

முன்முனையில் மரம் குழலை மேல்நோக்கித் தாங்கவேண்டும். மேல்மரங்களை எடுத்துவிட்டுக் குழல் நுனியில் ஒரு மீன்தராசைக் கொளுவி மேலே இழுங்கள். குழல் மரத்தை விட்டுக் கிளம்ப 2 முதல் 7 றாத்தல் விசை பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் குண்டுகள் கண்டபடி சிதறும்.

உங்கள் பழைய கட்டையின் பின்பாதி 1943-இல் அந்த உடம்புக்கே கையால் பொருத்தினது. அதை ஏன் எறியவேண்டும்? வெட்டு நடுப்பூணுக்கு முன்னால்தான் இருக்கிறது. பின்பக்கம் வெடித்துப்போன வேறொரு முன்கட்டை தேடுங்கள், அதுதான் மலிவு, ஏனென்றால் எல்லாக் கட்டையும் அங்கேதான் வெடிக்கும். அதன் முன்பாதியை வெட்டி உங்களுடைய பின்பாதியோடு ஒட்டினால், ஒட்டு நடுப்பூணுக்கு அடியில் ஒளிந்துவிடும்.

வடலி

உந்த யோசனை எனக்கு வரவேயில்லை! ஒட்டு பிடிக்குமோ?

கிழட்டுக்கொக்கு

அந்த இடத்தில் உதை இறங்குவதில்லை, அதனால் பிடிக்கும். இரண்டு வெட்டுமுகத்தையும் சதுரமாக்கி, உள்ளே வன்மரக் குச்சி ஆணி இரண்டு வைத்து எபொக்சி போடுங்கள். வளையாமல் ஒட்டக் குழலையே அச்சாக வையுங்கள். ஆனால் குழலுக்கு நன்றாக மெழுகு பூசி, ஒட்டு வரும் இடத்தில் டேப் சுற்றிவிடுங்கள். நான் முதல் தடவை மெழுகு பூச மறந்து, மரத்தையும் குழலையும் நிரந்தரத் தம்பதிகளாக்கினேன். பிரிக்க இரண்டு நாள்.

ஹவில்தார் (வேலூர்)

நல்ல ஆலோசனை. இன்னொரு விஷயம் சேர்த்துக்குங்க. உங்க மார்க் 1 ஸ்டார்ல குதிரை, அதாவது ட்ரிகர், கீழே இருக்கற காப்பு வளையத்துலதான் கீல் போட்டிருக்கும். 1949-ல மார்க் 2 வந்தப்பத்தான் அதை உடம்புக்கே மாத்தினாங்க. அதனால உங்க ரைஃபிள்ல மரம் ஊறினாலும் வத்தினாலும் ட்ரிகர் இழுவை மாறும். மரம் ஒழுங்கா உட்காரலைன்னா ட்ரிகரைக் குறை சொல்லாதீங்க.

காப்பு வளையத்து முன் ஸ்குரூ போற துளைக்குள்ள சின்னக் குழாய் மாதிரி ஒரு வளையம் இருக்கணும். இருக்கான்னு பாருங்க. முக்கால்வாசி ரைஃபிள்ல யாராவது தொலைச்சிருப்பாங்க.

செந்தூரி (மார்க்கம்)

வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி வருது. பழைய நிலை எண்டு எந்த நாளைச் சொல்லுறீங்கள்? அது பட்டறையில இருந்தது கொஞ்ச நாள். அந்த வேட்டைக்காரரோட எத்தினை வருசம் இருந்திருக்கும்! அவர் அறுத்ததும் அதின்ர கதைதானே. சண்டைக்குப் போன கோலத்துக்குத் திருப்பிறதுதான் திருத்திறதோ?

மொன்றியல் மச்சான்

அக்கா நல்ல கேள்வி கேட்டிட்டா, இனி ரெண்டு பக்கம் ஓடும்.

கிழட்டுக்கொக்கு

எனக்கு இதில் நிலையான கட்சி கிடையாது. பார்க்கர்-ஹேல் மாதிரிக் கம்பனிகள் சந்தைக்கென்று ஒழுங்காகச் செய்த வேட்டை மாதிரிகளை நான் தொடமாட்டேன், அவை தங்கள் பாட்டில் ஒரு சரித்திரம். சமையலறை மேசையில் வாளால் அறுத்ததை, திருப்பித் தைக்க முடியுமென்றால் தைப்பேன். கள்ளம் மட்டும் வேண்டாம். வேறு கட்டை வாங்கி அதில் உங்கள் றைபிளின் எண்ணைக் குத்தி, எல்லாம் பிறந்ததிலிருந்து ஒன்று என்று நாளைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டின துண்டில் எண் குத்தாதீர்கள்.

ஹவில்தார் (வேலூர்)

அம்மா கேட்டதுக்கு என் பதில் வேற. ரைஃபிளுக்கு முன்கட்டை அலங்காரம் இல்ல, அது வேலை செய்யற உறுப்பு. குழலைத் தாங்கற மாதிரி வடிவமைச்ச ஒண்ணை அறுத்துட்டா குறி தப்பும். அதுக்காகவே திருப்பணும்.

புதுமுகம்_மதுரை

ஐயா, எங்க தாத்தா வீட்டு ஓட்டுக்கு மேல இந்த மாதிரி ஒண்ணு இருந்ததா அப்பா சொல்வார். இந்தியாவுல இப்படி வாங்கி ரிப்பேர் பண்ண முடியுமா?

ஹவில்தார் (வேலூர்)

முடியாது. .303 நம்ம நாட்டுல தடை செய்யப்பட்ட குழல் விட்ட வகை (ப்ரொஹிபிடட் போர்), சாதாரண லைசன்ஸ்ல கிடைக்காது. அதனாலதான் அரசுத் தொழிற்சாலைகள் அதே லீ-என்ஃபீல்ட் போல்ட் அமைப்புல .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செஞ்சு வித்தாங்க. தாத்தா வெச்சிருந்தது அதுவா இருக்கலாம், வேற நாட்டுத் துப்பாக்கியாவும் இருக்கலாம். இன்னும் பரண்ல கெடந்தா நீங்க தொடாதீங்க, ஒரு வக்கீலைக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைங்க.

வடலி (ஆறு கிழமைக்குப் பிறகு)

சத்தமில்லாமல் போயிட்டன் எண்டு நினைச்சிருப்பியள். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

முதல்ல மெக்கானிக்கிட்டக் கொண்டுபோனன். கேஜ் வைச்சுப் பாத்து அளவுக்குள்ள நிக்குது, அதே 2ஆம் நம்பர் தலை போதும் எண்டவர்.

சோங்கு. சாண்ட்பேப்பர் தொடேல்ல. வார்னிஷ் களட்டிற ஜெல்லைத் தடிப்பாப் பூசி, பிளாஸ்ரிக் துண்டால வழிச்சு, நைலோன் பிறஷ்ஷால தேய்ச்சன். மூண்டாம் தரம் வழிக்கேக்க வலப்பக்கத்தில ஏதோ ஒரு வளைவு தெரிஞ்சுது. விளக்கைச் சரிச்சுப் பிடிச்சுப் பாத்தா, சீ எழுத்துக்குள்ள ஒரு அம்பு. கனடா அரசாங்கச் சொத்து எண்ட முத்திரை. சாண்டர் பிடிச்சிருந்தா அது தூளாப் போயிருக்கும், மச்சான்!

பள்ளங்களுக்கு ஈரத்துணி போட்டு அயன்பெட்டி வைச்சனான். ஆவிக்கு நார் ஊதி எழும்புது, கண்ணுக்கு முன்னாலயே. நார் அறுந்த வெட்டுக்காயங்கள் எழும்பேல்ல, அதுகள் அப்பிடியே இருக்கட்டும். ஊறின பழைய கிரீசை இழுக்கச் சோக்குப் பொடியைக் குழைச்சுப் பூசி வெயிலில வைச்சன். வெள்ளைப் பொடி பழுப்பாகி உதிர்ந்துது.

அடித்தகட்டில இருக்கிற சின்னக் கதவைத் திறந்தா உள்ள எண்ணெய்ப் போத்தலும் புல்த்ரூ கயிறும் (குழலுக்குள்ள இழுத்துத் துடைக்கிற கயிறு). கயிறோட ஒரு சிகரெட் மட்டைத் துண்டு சுருட்டிக் கிடந்தது. பென்சிலால "100 யார், ரெண்டு அங்குலம் உயர" எண்டு ஆங்கிலத்தில எழுதியிருக்கு. கிழவருக்குப் போன் எடுத்துச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு "எழுத்து சாய்ஞ்சு கிடக்குதோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். "அது அப்பாதான். இடக்கைக்காரர்."

மட்டைத்துண்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிப்போட்டு, திரும்ப உள்ளேயே வைச்சிட்டன்.

செந்தூரி (மார்க்கம்)

அப்ப அந்த அடி ஓட்டையை அடைக்கப் போறீங்களோ?

வடலி

அடைக்கேல்ல அக்கா. சோங்கு 1943, ஓட்டை அவற்ற. ரெண்டும் இருக்கட்டும்.

முன்கட்டைக் கதைக்கு வாறன். பின்பக்கம் வெடிச்ச கட்டை ஒண்டு துவக்குக் கண்காட்சியில கிடைச்சுது. ஆனா அது பேர்ச் மரம், என்ர பின்பாதி வால்நட். ஒண்டு பால்தேத்தண்ணி, மற்றது வெறுந்தேத்தண்ணி. லோங் பிராஞ்சில ரெண்டு மரமும் பாவிச்சவையாம், ஆனா ஒரே கட்டையில இல்லைத்தானே.

கிழட்டுக்கொக்கு

ஒரே றைபிளில் சோங்கு ஒரு மரமும் மேல்மரம் இன்னொன்றுமாகப் பட்டறையிலிருந்தே வந்தவை உண்டு. வால்நட் சாயம் நீரில் கலந்து மெல்லியதாக நாலைந்து தரம் பூசுங்கள், எண்ணெய்க்கு முன். ஒருபோதும் முழுக்க ஒத்துவராது. பூணுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெய்க்குச் சமைக்காத ஆளிவிதை எண்ணெய். கடையில் 'பொய்ல்ட்' என்று விற்பது உண்மையில் கொதிக்கவைத்தது அல்ல, உலோக உப்புச் சேர்த்துச் சீக்கிரம் காயவைத்தது. மெல்லியதாகத் தேயுங்கள், உள்ளங்கையால். சூடு பிறக்கவேண்டும்.

ஹவில்தார் (வேலூர்)

தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க! அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து காயறப்பவே சூடாகும். சுருட்டின துணிக்குள்ள சூடு வெளியே போக வழியில்லை, தானாவே தீப்பிடிக்கும். எங்க பட்டறையில ஒரு தடவை குப்பைத்தொட்டி புகைஞ்சு, பீடி குடிச்சது யாருன்னு ஒரு வாரம் விசாரணை நடந்துச்சு. பாவம், பீடியே தொடாத பையன் ஒருத்தன் மாட்டினான்.

வடலி

ஐயோ, ரெண்டு துணி கராஜில கிடக்கு. போயிட்டு வாறன்.

...

ஒண்டு இளஞ்சூடா இருந்தது. தண்ணி நிரப்பின தகர டின்னுக்குள்ள போட்டு மூடி வெளியில வைச்சாச்சு. நன்றி அண்ணை.

மொன்றியல் மச்சான்

இந்த இழை ஒரு வீட்டைக் காப்பாத்தியிருக்கு. சரி, லோங் பிராஞ்ச் எங்க இருந்தது? பிறென் எண்ட இயந்திரத் துவக்கோட சிகரெட் பத்திற பெட்டையின்ர படம் இருக்கே, அந்தப் பட்டறைதானே?

வடலி

இல்லை, அது ரொறன்ரோவில ஜோன் இங்லிஸ் பட்டறை, பிறென் செய்தது. லோங் பிராஞ்ச் மேற்கால, இப்ப மிசிசாகாவுக்குள்ள, லேக்ஷோர் வீதியில. 1941இல முதல் றைபிள் வெளிய வந்தது. பிறகு லட்சக்கணக்கில செய்து தள்ளியிருக்கிறாங்கள், வேலை செய்ததில முக்கால்வாசி இல்லாட்டியும் பெரும்பான்மை பெண்கள். பரிசோதனைக் கட்டடம் மட்டும் இடிபடாமல் தப்பி இப்ப கலைக்கூடமா இருக்கு.

போன ஞாயிறு அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போனன். "இது என்ன இடம்?" எண்டா. முந்தி பொம்பிளையள் துவக்குச் செய்த இடம் எண்டன். அண்ணாந்து கூரையைப் பாத்துக்கொண்டு நிண்டா. காரில ஏறேக்க "நீ நிலவறையில வைச்சிருக்கிறதும் இங்கத்தையானோ?" எண்டு கேட்டா. ஆறு கிழமையா அவவுக்குத் தெரிஞ்சிருக்கு.

செந்தூரி (மார்க்கம்)

பிறகு??

வடலி

பிறகென்ன, "திறப்பு எங்க வைச்சிருக்கிறாய்?" எண்டா. அவ்வளவுதான். இப்ப திறப்பு அவவின்ர சாமி அலுமாரியில.

கடைசி விசயம். எல்லாம் பூட்டி மீன்தராசைக் கொளுவினன். ஒரு றாத்தல்கூடப் பிடிக்கேல்ல, குழல் சும்மா கிளம்புது. ஒட்டினது பிழைச்சுதோ எண்டு நெஞ்சு இடிச்சுது. பாத்தா, ஹவில்தார் அண்ணை சொன்ன அந்தச் சின்னக் குழாய் வளையம் இல்லை. நான் ஸ்குரூவை இறுக்க இறுக்க மரத்தை நசிச்சு, கட்டையின்ர நுனி கீழ வளைஞ்சிருக்கு. வளையம் ஒண்டு எடுப்பிச்சுப் போட்ட பிறகு 4 றாத்தல். ட்ரிகர் இழுவையும் தானாச் சரிவந்திட்டுது.

ஹவில்தார் (வேலூர்)

4 நல்ல எண். மழைக்காலம் முடிஞ்சதும்... மன்னிக்கணும், உங்க ஊர்ல பனிக்காலம். அது முடிஞ்சதும் இன்னொரு தடவை இழுத்துப் பாருங்க, புது மரம் வத்தும்.

வடலி

பாக்கிறன். றேஞ்சுக்குப் பத்துத் தோட்டாவோட போனன். 100 யாரில குறியை நடுவில வைச்சுச் சுட்டால் கூட்டம் ரெண்டு அங்குலம் உயரத்தான் விழுகுது. மட்டையில எழுதியிருக்கிற மாதிரியே.

முன்பூணின்ர ஸ்குரூ மட்டும் இன்னும் கிடைக்கேல்ல, இப்ப கம்பியால கட்டி வைச்சிருக்கிறன். ஆரிட்டயும் ஒண்டு மேலதிகமா இருந்தால் தனிமடல் போடுங்கோ.